ஃபோர்க்குக்குள் ஒரு குழாய்த் துண்டு

தளிக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோரத்தில் இருக்கிறது ஜவளகிரி. பன்னார்கட்டாவிலிருந்து ஆண்டுதோறும் கேழ்வரகு கதிர்விடும் பருவத்தில் வரும் யானைக் கூட்டங்கள் தமிழ்நாட்டுக்குள் நுழையும் வழி இதுதான். இந்தக் காட்டோரத்துக்கும் ஓசூருக்கும் இடையில் மூட்டை, பால் கேன், காய்கறிக் கூடை, ஆலைக்குப் போகும் ஆள் என்று பலவற்றையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு சக்கரமே சுமந்து வந்திருக்கிறது. அந்த வண்டிகளுக்கு எல்லா ஊர்களிலும் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிகிறது, பள்ளத்தில் விழுந்தால் ‘டக்’கென்று அடி வாங்குகிறது. முன் ஷாக்கை, அதாவது ஃபோர்க்கை, கெட்டியாக்கித் தரும் வேலை சிறு மெக்கானிக் பட்டறைகளில் பிறந்தது அந்தக் குறைக்காகத்தான். காசில்லாதவன் செய்யும் ஒட்டுவேலை என்று அதைத் தள்ளிவிடுகிறவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. ஆலை விலைக்காகப் பாதியில் விட்ட வேலையைப் பட்டறை தொடர்ந்து செய்தது. அதில் சரியாக வந்தவை மலிவானவைதான்; தவறாகப் போனவை மலிவால் தவறவில்லை, அளந்து பார்க்காததால் தவறின.

டெலஸ்கோப் போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்த் தடுப்பையும் சேர்த்து 1935ல் ஆர் 12 வண்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். 1955ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டிலும் அதே அமைப்புதான். புல்லட் கனமான, விலை கூடிய வண்டி. தாங்கும் வண்டி என்ற பெயரும் அதற்கு இருந்தது. ஓசூர் தந்ததோ வேறு இனம். எழுபதுகளில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980ல் இருவர் அமரக்கூடிய டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. 1984ல் ஜப்பானியக் கூட்டில் 100 சிசி இன்ட்-சுஸுகி வந்தது. லேசான உடல், குறைந்த விலை, லிட்டருக்கு நிறைய கிலோமீட்டர் என்பவைதான் இவற்றின் விற்பனைச் சொற்கள். லேசான வண்டிக்கு மெல்லிய ஃபோர்க், மெல்லிய ஃபோர்க்குக்கு மென்மையான ஸ்பிரிங். நடுத்தர எடையுள்ள ஒருவர் தார்ச்சாலையில் சுகமாகப் போக அது சரியான தேர்வு. ஒரே ஸ்பிரிங்கை எல்லாருக்கும் விற்கவேண்டிய ஆலைக்கு வேறு வழியும் இல்லை. ஐம்பது கிலோ இளைஞருக்கும், மூட்டையோடு நூற்றைம்பது கிலோ வரும் விவசாயிக்கும் ஒரே ஃபோர்க்தான். அதை வாங்கியவர் எந்த வேலைக்கு வாங்கினார் என்பது வரைபடத்தில் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சுமை பின்னால்தானே இருக்கிறது, பின் ஷாக்கை அல்லவா கெட்டியாக்க வேண்டும்? வண்டி நிற்கும்போது இந்தக் கேள்வி சரி. ஓடும்போது கணக்கு மாறுகிறது. பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தின் எடையில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்குப் போகிறது. எடை கூடக் கூட, சுமை உயர உயர அந்தப் பங்கு கூடும். இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம் குறையக் குறையவும் கூடும். சீட்டுக்கு மேல் தலையளவு உயர்ந்து நிற்கும் கூடையோடு வருகிற சிறிய வண்டியில் இந்த மூன்றும் ஒன்றுசேர்கின்றன. மொபெட்டில் இன்னொன்றும் உண்டு: ஓட்டுபவரின் காலடிக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள இடத்தில் ஒரு மூட்டை எப்போதும் குடியிருக்கும், ஹேண்டில்பாரின் இரு பக்கமும் பைகள் தொங்கும். போதாததற்குப் பின்பக்கத்தைத்தான் முதலில் கெட்டியாக்குவார்கள். பின்பக்கம் உயர்ந்த வண்டியில் முன்பக்கம் இன்னும் தாழ்ந்து நிற்கும். காட்டுச் சாலையில் அந்தி நேரத்தில் வளைவு திரும்பியதும் யானை நிற்கிறது என்றால், பிடிக்கும் பிரேக் மெதுவான பிரேக்காக இருக்காது. அந்தக் கணத்தில் ஃபோர்க் ஏற்கெனவே அடிவரை இறங்கியிருந்தால், அடுத்த பள்ளத்தைத் தாங்க அதில் எதுவும் மிச்சமில்லை.

பட்டறை கண்ட வழிகளில் முதலாவது, ஸ்பிரிங் தலைமேல் ஒரு துண்டு வைப்பது. ஃபோர்க்கின் மேல்மூடியைக் கழற்றி, வாஷர்களையோ அளவாக அறுத்த பிவிசி குழாய்த் துண்டையோ வைத்து மூடிவிடுவார்கள். இதனால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை; முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கி நிற்கிறது, வண்டி உயரமாக நிற்கிறது, இறங்குவதற்குக் கூடுதல் தூரம் கிடைக்கிறது. ‘கெட்டியாகிவிட்டது’ என்று வாடிக்கையாளர் உணர்வது பெரும்பாலும் இந்த உயரத்தைத்தான். ஸ்பிரிங்கை உண்மையாகவே கெட்டியாக்க வேண்டுமென்றால் சுற்றுகளைக் குறைக்க வேண்டும்; அது இரண்டாவது வழி. வேலை செய்யும் சுற்றுகள் நாற்பது உள்ள ஸ்பிரிங்கில் நான்கை அறுத்துவிட்டால் அது ஏறக்குறைய 11 விழுக்காடு விறைப்பாகிறது. குறைந்த நீளத்துக்குக் குழாய்த் துண்டு ஈடுகொடுக்கும். இதே ஸ்பிரிங்கைக் கம்பி மாற்றிப் புதிதாகச் செய்தால், கம்பியின் தடிமன் வெறும் 5 விழுக்காடு கூடினாலே விறைப்பு சுமார் 22 விழுக்காடு கூடிவிடும், ஏனென்றால் தடிமன் நான்கு முறை தன்னோடு பெருகிக் கணக்கில் வருகிறது. ஆனால் புதிய ஸ்பிரிங் செய்ய ஆலை வேண்டும். அறுப்பதற்கு ஒரு கட்டிங் சக்கரம் போதும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த 1991க்கு முன் வெளிநாட்டு ஸ்பிரிங் என்பது எட்டாக்கனி. அந்தக் காலத்தில் இந்த அறுப்பு இருந்தவற்றுள் சிறந்த பொறியியல் என்றே சொல்வேன்.

மூன்றாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இருப்பதிலேயே மலிவானதும் நுட்பமானதும் அதுதான். ஃபோர்க்கில் எண்ணெய்க்கு மேல் காற்று அடைபட்டிருக்கிறது. ஃபோர்க் அமுங்கும்போது அந்தக் காற்றும் அமுங்கி இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. கணக்குக்கு, காற்று 200 மில்லிமீட்டர் உயரம் நிற்கிறது, ஃபோர்க் 110 மில்லிமீட்டர் இறங்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். முழுக்க இறங்கினால் காற்றின் அழுத்தம் 2.2 மடங்காகும். எண்ணெயை 30 மில்லிமீட்டர் உயர்த்தி ஊற்றினால் அதே இடத்தில் 2.8 மடங்காகும். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துப் பார்த்தால், கடைசியில் காற்று தரும் எதிர்ப்பு பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது. ஆனால் பாதித் தூரம் இறங்கும்வரை வேறுபாடு மிகச் சிறியது. சாதாரண மேடுபள்ளத்தில் சுகம் கெடாமல், அடி வாங்கும் இடத்தில் மட்டும் தாங்குகிறது. சில ரூபாய் எண்ணெயில் கிடைக்கும் இந்த வளைவை விலைகூடிய ஸ்பிரிங்கில் செய்துகாட்டுவது எளிதல்ல. அளவு மீறினால் மட்டும் ஆபத்து: காற்றுக்கு இடமே இல்லாமல் போனால் ஆயில் சீல் பிய்த்துக்கொள்ளும்.

பட்டறை தவறிய இடம் எண்ணெயின் தடிப்பு. ஃபோர்க் ஆயிலுக்குப் பதில் கையிலிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் பரவலாக இருந்தது. தடித்த எண்ணெய், ஆகவே கெட்டியான ஃபோர்க் என்பது அதன் நியாயம். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும் காற்றும்தான். எண்ணெய் அந்த இறக்கத்தைத் தாமதப்படுத்தும்; தடுக்காது. இந்த வண்டிகளின் எளிய ஃபோர்க்கில் எண்ணெய் சிறு துளைகள் வழியே பாய்கிறது. பாயும் வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே மெதுவான குனிதலை அது அதிகம் தடுக்காது. கூரான குழியில் கல்லாக நிற்கும். தொடர்ந்து குழிகள் வந்தால் ஃபோர்க் மேலே திரும்ப நேரமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேயே தங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் மார்கழிக் காலையில் அந்த எண்ணெய் இன்னும் தடிக்கும். கெட்டியான ஃபோர்க் ஆபத்து, சக்கரம் சாலையை விட்டுத் துள்ளுகிறது என்று வைக்கப்படும் குற்றச்சாட்டு உண்மைதான். அது பெரும்பாலும் இந்த எண்ணெய்க்கும், கணக்கில்லாமல் அடுக்கிய வாஷர்களுக்கும் பொருந்தும். அளவாக அறுத்த ஸ்பிரிங்கின் மேல் அந்தப் பழியைப் போடக்கூடாது.

இந்த வித்தை பந்தயத்திலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. சோழவரம் விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. 1982லேயே டிவிஎஸ் தனக்கென ஒரு பந்தய அணியை வைத்துக்கொண்டது. பந்தயக்காரருக்கும் மூட்டை ஏற்றுபவருக்கும் வேண்டியது ஒன்றேதான்: பலமாகப் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அடிதட்டக்கூடாது. ஆகவே இருவரும் ஒரே தீர்வுக்கு வந்ததில் வியப்பில்லை. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றிருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. பந்தயத்திடம் கூடுதலாக இருந்தது ஒரு அளவுகோல். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்தால் மொத்த இறக்கத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமுங்க வேண்டும் என்பது அந்த உலகின் பழைய விதி. சாலையோரப் பட்டறைக்கு அந்த விதி பெரும்பாலும் வந்து சேரவில்லை.

1935ல் ஆர் 12ஐத் தந்த பிஎம்டபிள்யூ, 2013ல் டிவிஎஸ்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பின்னர் ஜி 310 ஆர் வண்டியை ஓசூரிலேயே செய்யத் தொடங்கியது. அதே குடும்பத்து அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு, 2021 முதல் கூடுதல் பணம் கட்டினால் திருகித் திருகி அளவு மாற்றும் ஃபோர்க் கிடைத்தது. ஸ்பிரிங்கின் முன் அழுத்தம், இறங்கும் தடுப்பு, ஏறும் தடுப்பு என மூன்றையும் அதில் தனித்தனியாக மாற்றலாம். குழாய்த் துண்டு செய்த வேலைக்கு ஆலை திருகு வைத்துக் கொடுத்திருக்கிறது. மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டின் முன்பக்கமோ வெறும் ஸ்பிரிங் வகை. அதில் உயர்த்தி ஊற்ற எண்ணெய் இல்லை; ஸ்பிரிங்கும் துண்டும் மட்டுமே வழி. எண்ணெய் ஃபோர்க் உள்ள பழைய வண்டிக்கோ அளவுகோலும் மலிவாகவே கிடைக்கிறது. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு கேபிள் டையை இறுக்கி, தூசிமூடியை ஒட்டித் தள்ளிவைத்து, வழக்கமான சுமையோடு ஜவளகிரிவரை போய்வந்தால், ஃபோர்க் எதுவரை இறங்கியதோ அங்கே அது நிற்கும். எத்தனை சுற்று அறுப்பது, எவ்வளவு எண்ணெய் உயர்த்துவது என்பதை அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.