சோழவரத்து ஓடுபாதை: பழைய கார்களும் இளமையின் வேகமும்

வினைமுடித்து மீளும் தலைவன் தன் தேர்ப்பாகனை விரைந்து செலுத்துமாறு வேண்டுவது முல்லைத் திணையில் மீண்டும் மீண்டும் வரும் காட்சியாகும். கார்காலம் தொடங்குமுன் வீடு சேர வேண்டும் என்ற கெடு அவனைத் துரத்துகிறது. எனினும் அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் ஒலிகேட்டு அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவை இத்தனை நுட்பமாகப் பாடிய மொழியில், மோட்டார் காரின் விரைவு குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இளமையில் பழைய கார்களை விரட்டி ஓட்டியவர்களின் நினைவுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றுவிட்டன. அந்நினைவுகளுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அதன் நடுவிடம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம்.

மோட்டார் வந்த வழி

சென்னை சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903ஆம் ஆண்டில் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். 1912இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். 1920இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகியபோது, கரியை எரித்து வாயுவாக்கி வண்டியை ஓட்டும் கருவியை டி. வி. எஸ். நிறுவனம் செய்து விற்றது. கிடைத்ததைக் கொண்டு வண்டியை நகர்த்தும் இந்தப் பழக்கமே, பின்னர் எழுந்த பந்தயக் கலைக்கும் அடித்தளமாயிற்று எனலாம்.

கரிசல் நாட்டின் கதை சற்று வேறானது. ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரங்களில் காருக்குப் ‘பிளசர்’ என்றே பெயர். திருமணத்திற்கும் மருத்துவமனைக்கும் தேர்தல் காலத்திற்கும் வாடகைக்கு வரும் பிளசரை ஓட்ட விரும்பிய இளைஞன், முதலில் அதைக் கழுவித் துடைக்கும் கிளீனராக வேண்டும். காலையில் முன்புறம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றி இயந்திரத்தை எழுப்புவதும் அவன் வேலையே. மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடாது. இம்மண்ணில் விரைவின் களமாக இருந்தது மாட்டுவண்டிப் பந்தயமே. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று தென்மாவட்டத்தார் பந்தய மாடுகளை வகுத்துள்ளனர். இளங்காளைகளின் ஓட்டத்துக்குச் சிறு பறவைகளின் பெயரைச் சூட்டியவர்கள் ஏடெழுதாத கவிஞர்கள் என்பதில் ஐயமில்லை.

போர் விட்டுச் சென்ற ஓடுபாதை

காருக்கு அத்தகைய களம் போர் முடிந்த பின்னரே கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது உலகெங்கும் அவசரமாக வானூர்தித் திடல்கள் அமைக்கப்பட்டன. போர் ஓய்ந்ததும் அவற்றுள் பல வேலையற்றுக் கிடந்தன. நீண்டு, அகன்று, எதிரே வண்டி வராத அப்பாதைகள் காரோட்டும் இளைஞர்களின் கண்ணில் பட்டன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் குண்டுவீச்சு வானூர்திகளின் நிலையமாக இருந்தது. 1948இல் அங்கே பிரிட்டன் கிராண்ட் பிரி நடந்தது. 1950 மே 13 அன்று உலக வாகையர் போட்டித் தொடரின் முதல் பந்தயமும் அங்கேயே நிகழ்ந்தது. அமெரிக்காவின் செப்ரிங்கும் இலங்கையின் கட்டுக்குருந்தவும் இவ்வாறு பந்தயத் திடல்களானவையே.

தமிழ்நாட்டில் அந்த வாய்ப்பைத் தந்தது சோழவரம். 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கல்கத்தா நெடுஞ்சாலையை அடுத்திருந்த அந்தப் போர்க்கால ஓடுபாதையைப் பந்தயத் தடமாக்கியது. நிலையான பார்வையாளர் மாடமோ, ஓரங்களில் காப்புச் சுவரோ இல்லாத இடம் அது. ஆண்டுப் பந்தயம் நெருங்கும்போது தற்காலிகத் தடுப்புகள் எழும். பந்தயம் முடிந்ததும் மீண்டும் வெட்டவெளியாகும். அந்தச் சில நாட்களைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பின்னாளில் தொழிலதிபர்களும் பழைய அரச குடும்பத்தினரும் அயல்நாட்டுப் பந்தயக் கார்களுடன் அங்கு வந்தனர். ஆயினும் சோழவரத்தின் உயிர் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற வீட்டுக் கார்களில்தான் இருந்தது.

வீட்டுக் காரே பந்தயக் கார்

இதற்குக் காரணம் நாட்டின் தொழிற்கொள்கை. உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பது போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று 1953ஆம் ஆண்டையொட்டி அரசு உறுதி காட்டியதும், போர்டும் ஜெனரல் மோட்டார்சும் வெளியேறின. அதன்பின் வாங்கக்கூடிய கார்கள் பெரும்பாலும் மூன்று வகையே: அம்பாசிடர், பியட், சென்னைக்கு அருகில் வண்டலூர்ப் பக்கம் உருவான ஸ்டாண்டர்டு. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே ஒரு காரைப் பெற வேண்டும். ஆகவே பந்தயத்திற்கென்று தனிக் கார் என்பது நடுத்தரக் குடும்பத்து இளைஞன் எட்ட முடியாத கனவாக இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சென்ற காரே ஞாயிற்றுக்கிழமை தடத்தில் இறங்கியது.

அதற்கு முன் அந்தக் கார் பட்டறைக்குச் செல்லும். பின்னிருக்கை கழற்றப்படும்; எடையைக் கூட்டும் எதுவும் மிஞ்சாது. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சிறிதளவு இழைத்து எடுப்பார்கள். எரியும் அறை சுருங்குவதால் அழுத்தம் கூடி, அதே பெட்ரோலில் கூடுதல் வலு பிறக்கும். அளவு மீறினாலோ இயந்திரம் தட்டும், பிஸ்டன் உடையும். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பூட்டினார்கள். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து உருவாக்கினார்கள். ஏட்டுக் கல்வி அதிகம் இல்லாத மெக்கானிக்குகள் காதால் கேட்டே இயந்திரத்தின் நோயை அறிந்தனர். பந்தயக் கோப்பைகளில் பொறிக்கப்பட்டவை ஓட்டியவர்களின் பெயர்களே. அவ்வெற்றிகளில் பாதி, கைகளில் கிரீஸ் படிந்த இம்மனிதர்களுக்கு உரியது.

ஒவ்வொரு காருக்கும் ஒரு குணம் இருந்தது. 1,489 சி.சி. இயந்திரம் கொண்ட அம்பாசிடர் கனமானது. திருப்பத்தில் சாயும், எனினும் எளிதில் உடையாது. 1,089 சி.சி. பியட் இலகுவானது, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் மாற்றும் கோல் அமைந்தது. 948 சி.சி.யுடன் 1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மிகக் குறுகிய இடத்தில் திரும்பும். ஆனால் வேகமாகத் திருப்பும்போது அதன் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கி, காரைக் கவிழ்க்கவும் பார்க்கும். அதை ஓட்டத் தெரிந்தவன் திருப்பத்தின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்க மாட்டான். இந்த அறிவு எழுதப்படாமல், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் மெக்கானிக்கிடமிருந்து சீடனுக்கும் கைமாறியது.

நினைவின் வேகமானி

அக்கால ஹெரால்டின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 கி.மீ. மட்டுமே. இன்றைய மிகச் சிறிய காரும் அதை எளிதில் கடந்துவிடும். அவ்வாறாயின், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் முதியவர்கள் பேசும் அந்த ‘பறத்தல்’ பொய்யா? பொய்யன்று. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். சூடேறினால் அவை பிடிப்பை இழக்கும். உடலைப் பிணைக்கும் இருக்கைப் பட்டை கிடையாது. குளிர்சாதனம் இல்லாததால் கண்ணாடிகள் இறங்கியே இருக்கும். காற்றும் புழுதியும் இயந்திரத்தின் வெப்பமும் ஒருசேர முகத்தில் மோதும். இவ்வாறு விரைவு எண்ணாக அன்றி மெய்ப்பாடாக உணரப்பட்டது. நினைவு பாதுகாத்தது அதனையே. முதுமையில் ஒருவர் தம் பழைய காரின் வேகத்தைக் கூட்டிச் சொல்லும்போது, அந்த வயதில் தம் உடல் அஞ்சாதிருந்த அளவையே அவர் அளந்து சொல்கிறார்.

1973ஆம் ஆண்டின் உலக எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறியது. 1983 டிசம்பரில் வந்த மாருதி காரின் உலகையே மாற்றிற்று. கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதியின் மூன்று சிலிண்டர் இயந்திரத்தைக் கொண்டு ஓரிருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, ‘பார்முலா மாருதி’ என்ற எளிய படிக்கட்டை இளைஞர்களுக்கு அமைத்துத் தந்தார். 1995இல் வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் திறக்கப்பட்டதும் சோழவரத்தின் காலம் முடிந்தது. அப்படிக்கட்டில் ஏறிய கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்றில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கக் கிராண்ட் பிரியில் நான்காவதாக முடித்தார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மின்னொளியில் இரவுப் பந்தயமே நடந்தது.

தடமும் சாலையும்

இவ்வரலாற்றை வெற்றிப் பட்டியலாக மட்டும் முடித்துவிடுதல் நேர்மையாகாது. தடத்தில் ஓடியவர்களைப் போலவே திறந்த சாலையில் ஓடியவர்களும் உண்டு. அவர்களுள் நினைவுகூர உயிரோடு மீளாதவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மிகுதியான விபத்துகள், அதாவது 64,105, பதிவானது தமிழ்நாட்டில். உயிரிழப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் மிகை வேகம். பட்டாசு ஏற்றிய லாரிகள் செல்லும் இவ்வட்டாரச் சாலைகளில், ஒருவனது வேகத்தின் விளைவு அவனோடு முடிவதில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

சோழவரம் இளைஞர்களுக்கு அளித்த பெருங்கொடை இங்கேதான் விளங்குகிறது. எதிரே வண்டி வராத, குழந்தை குறுக்கிடாத, தொடக்கமும் முடிவும் உள்ள ஓர் இடத்தை அது இளமையின் வேகத்திற்கு ஒதுக்கித் தந்தது. மாட்டுவண்டிப் பந்தயத்திற்கு நாளும் எல்லையும் குறித்த நம் ஊரார் அறிந்ததும் இதுவே. மணிநாவைக் கட்டிய சங்கத் தலைவன் விரைவைக் கைவிட்டவன் அல்லன். வழியில் வாழும் உயிர்களை மறவாதவன்.

சோழவரத்தில் ஓடியவர்களும் அவர்களுக்குக் கார்களைச் செப்பனிட்டவர்களும் இன்று எண்பதைத் தொட்டும் கடந்தும் நிற்கின்றனர். ஹேண்டில், கிளீனர், பிளசர் என்ற சொற்களும் அவர்களோடு வழக்கொழிந்து வருகின்றன. ஏட்டில் ஏறாத இந்த அறிவையும் சொல்லையும் அச்சத்தையும் களிப்பையும் கேட்டு எழுதிவைத்தல், தேரைப் பாடிய மரபின் வழிவந்த கவிஞர்களின் கடனாகும்.