தாத்தாவின் ‘சார்’, பேத்தியின் ‘ஹாய்’

போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த மகள், நெய்வேலி குவார்ட்டர்ஸ் கூடத்தில் உட்கார்ந்து லண்டன் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் தட்டிக்கொண்டிருந்தாள். ‘ஹாய் மார்க்’ என்று தொடக்கம். எட்டிப் பார்த்த என் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏம்மா, உங்க கம்பெனிக்குப் படியளக்கிறவரு. பேரைச் சொல்லியா கூப்பிடுவ?”

“அவரே எனக்கு ‘ஹாய்’னுதான் தாத்தா எழுதுறாரு.”

அப்பா நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில், சுரங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பரின்டென்டாக ஓய்வு பெற்றவர். 1956-இல் பிறந்த நிறுவனம் இது; மறு ஆண்டு நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது, மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, மேலிடம் டெல்லியில் இருந்தது. முந்திரிக்காட்டு நடுவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டிய ஊர்.

அந்த ஆங்கிலத்துக்குப் படிக்கட்டு உண்டு. மத்திய அரசு அலுவலக நடைமுறையில், சாதாரணக் கடிதம் ‘சார்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடியும். அதே அதிகாரியின் தனிக் கவனத்தைக் கோரினால் டி.ஓ. லெட்டர், நம் மாநில அரசுத் தமிழில் நேர்முகக் கடிதம். அங்கே ‘டியர் ஸ்ரீ’ என்று பெயர் வந்துவிடும். முடிவு ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ஆபீஸ் மெமோரண்டத்திலோ விளியும் கிடையாது, வணக்கமும் கிடையாது. எந்தக் காரியத்துக்கு எந்தப் படி என்பது முன்பே முடிவான விஷயம். அப்பா ஒருநாளும் குழம்பியதில்லை.

படி மாறுவது எப்படி என்பதற்குக் கணித மேதை ராமானுஜனைவிட நல்ல சாட்சி இல்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு எழுதியபோது, ‘தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்’ என்ற அக்கால வாய்பாட்டில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை அனுப்பியபோது அந்த ஊழியனைக் காணோம். ‘யுவர்ஸ் ட்ரூலி’ மட்டும். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ஒன்றில் வேலை கேட்டார், மற்றதில் கணிதம் பேசினார்.

மகளின் மின்னஞ்சலில் இந்தப் படிக்கட்டு இல்லை. ஒவ்வொரு முறையும் அவளே உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். சுதந்திரம் என்று அவள் சொல்வாள். எனக்கென்னவோ அது கூடுதல் வேலையாகத்தான் படுகிறது.

ஆனால் இருவரும் உண்மையில் பிரிகிற இடம் விளி அல்ல, வினை. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதில் ‘ங்கள்’ சேர்ந்தால் போதும், காரியம் முடிந்தது. ஆங்கில ‘யூ’வில் நீயும் நீங்களும் ஒன்று. அதனால் நம்மவர்கள் விட்டுப்போன மரியாதையை ‘ரெஸ்பெக்டட்’, ‘கைண்ட்லி’, வரிக்கு வரி ‘சார்’ என்று வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிறோம். அப்பாவுக்குப் பிடித்த ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ இந்திய அலுவலகத்தில் பணிவு. லண்டன்காரர் காதில் அது பழைய காலத்துக் கட்டளை. என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இல்லை. அவர்கள் மரியாதையைக் கேள்வியாக வைக்கிறார்கள்: ‘குட் யூ செண்ட்’, அதாவது அனுப்ப முடியுமா. மகள் ‘ஹாய்’ என்று எழுதினாலும் அடுத்த வரியில் ‘குட் யூ’ வைத்திருந்தாள். அப்பா அதைக் கவனிக்கவில்லை.

அதற்காக மகளிடம் பிழையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேற்படிப்புக்காக ஒரு ஜெர்மன் பேராசிரியருக்கு அவள் எழுதி வைத்திருந்த முதல் மடலும் ‘ஹாய்’ என்றே தொடங்கியது. அங்கே பட்டத்தையும் குடும்பப் பெயரையும் சேர்த்து அழைப்பதுதான் வழக்கம். அதை மாற்றச் சொன்னது அப்பாதான், அதுவும் ஜெர்மன் வழக்கம் எதுவும் தெரியாமலே. அதே மடலில் ‘டவுட்’ என்ற சொல்லை நான் அடித்தேன். நாம் சந்தேகம் கேட்பதாக நினைத்து எழுதுவதை, நாம் நம்பவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘கொஸ்டின்’ போதும்.

என் தீர்ப்பு: அறிமுகமில்லாதவருக்கு முதல் மடல் என்றால் தாத்தா பக்கம். ஒரு படி உயர நின்று தொடங்கினால் பிறகு இறங்கிக்கொள்ளலாம். ‘ஹாய்’ என்று தொடங்கியவர் மேலே ஏறுவது கடினம். இரண்டாவது மடலிலிருந்து பேத்தி பக்கம். வந்த பதிலின் அடியில் அவர் எந்தப் பெயரில் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பாருங்கள். ‘மார்க்’ என்று மட்டும் இருந்தால், அடுத்த மடலை நீங்களும் ‘டியர் மார்க்’ என்றே தொடங்கலாம்.