சட்டகமும் கூலியும்: யப்பானியத் தொலைக்காட்சிச் சித்திரப்படம் பற்றிய ஒரு குறிப்பு

கலையின் உருவத்தை அதன் உற்பத்தி முறையினின்றும் பிரித்து நோக்குவோர், ஒசாமு தெசுக்காவின் 'தெத்சுவான் அத்தோமு' தொடரை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இயந்திரச் சிறுவன் ஒருவனைப் பற்றிய இத்தொடர் 1963 சனவரி 1ஆந் திகதி ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரந்தோறும் அரைமணி நேரத்தை நிரப்பவேண்டிய கட்டாயம் அதற்கிருந்தது. செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும் படச்சுருளில் ஒரே சித்திரம் மூன்று சட்டகங்களுக்கு நீடிக்கப்பட்டது. பேசுகையில் வாய் மட்டுமே அசைந்தது. ஒருமுறை வரைந்தவை சேமிக்கப்பட்டு வேறு கதைகளிலும் பயன்பட்டன. பிற்காலத்தார் தனித்துவமான அழகியல் எனப் போற்றிய இச்சிக்கனத்தின் ஊற்றுக்கண் காலநெருக்கடியும் பணமுடையுமே. தெசுக்காவின் கற்பனைவளத்தை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் அவர் அத்தியாயங்களைத் தயாரிப்புச் செலவிலும் குறைந்த விலைக்கு விற்றார். பண்ட உரிமங்களும் வெளிநாட்டு விற்பனையும் நட்டத்தை ஈடுசெய்யும் என நம்பினார். அவரது முஷி நிறுவனம் 1973இல் வங்குரோத்தாயிற்று.

இத்துறையிற் புக விழையும் இளைஞர் நடையசைவையும் முகபாவத்தையும் பயிலுதல் அவசியமே. அவற்றோடு, அத்தியாயமொன்றுக்கு எத்தனை சித்திரங்கள், சித்திரமொன்றுக்கு எவ்வளவு கூலி, வரைந்தவற்றின் உரிமை யாருக்கு என வினவவும் அவர்கள் பழகவேண்டும். இவ்வினாக்களை அக்காலத்திலேயே எழுப்பியோர் இருந்தனர். தோயெய் சித்திரக்கூடத்தின் தொழிற்சங்கத்தில் முன்னின்ற இசாவோ தக்காகத்தா இயக்க, சங்கத் தோழர் ஹயாவோ மியசாக்கி பங்குகொண்ட 'ஹோருசு' திரைப்படம் 1968இல் வெளிவந்தது. கிராமத்தவர் ஒன்றுபட்டுப் பகையை எதிர்ப்பதே அதன் கதை.