மோங்கோடிபி டிரைவர்களின் வரலாறு

தரவுத்தளத்துக்கும் அதைப் பயன்படுத்தும் நிரலுக்கும் நடுவே நின்று இரு பக்கமும் பேசும் நிரலகம் கிளையன்ட் லைப்ரரி அல்லது டிரைவர் எனப்படுகிறது. நிரலாளர் தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை, டிரைவரிடமே பேசுகிறார். அவர் எதுவும் குறிப்பிடாதபோது டிரைவர் எப்படி நடந்துகொள்கிறதோ, அதையே தரவுத்தளத்தின் இயல்பு என்று நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதே டிரைவரை வடிவமைப்போரின் முதல் கடமை என்பதற்கு மோங்கோடிபி நல்ல சான்று.

பின்னணி

எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலை முறையில் தரவு அட்டவணைகளாக அடுக்கப்படுகிறது. அதைக் கேட்டுப் பெற எஸ்க்யூஎல் என்னும் பொது மொழி உண்டு. ஆவணத் தரவுத்தளத்தில் ஒரு பொருளைப் பற்றிய விவரங்களைப் பெரும்பாலும் ஒரே ஆவணமாகச் சேமிக்கலாம். மோங்கோடிபியில் கேள்வியும் ஓர் ஆவணமே. ஒவ்வொரு நிரல் மொழிக்கும் தனி டிரைவர் தேவைப்பட்டது.

டுவைட் மெரிமன், எலியட் ஹோரோவிட்ஸ், கெவின் ரயன் ஆகியோர் 2007இல் நியூயார்க்கில் தொடங்கிய 10ஜென் நிறுவனம் இதை உருவாக்கி, 2009இல் மூலநிரலுடன் வெளியிட்டது. 2013இல் நிறுவனமும் மோங்கோடிபி என்றே பெயர் மாற்றிக்கொண்டது.

டிரைவரின் வேலைகள்

நிரலாளர் தரும் தரவை டிரைவர் பீசன் என்னும் இரும வடிவுக்கு மாற்றுகிறது. சேவையகத்துடனான இணைப்புகளைப் பேணுகிறது. பல சேவையகங்கள் இருந்தால் எழுத்தை ஏற்கும் முதன்மைச் சேவையகத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆவணத்துக்கு அடையாள எண் இல்லையென்றால் 12 பைட் எண் ஒன்றைத் தானே உருவாக்குகிறது. அதன் முதல் 4 பைட்டுகள் உருவான நேரத்தைக் குறிக்கும்.

பதில் இல்லாத எழுத்து

தொடக்ககால நெறிமுறையில் சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகிய மூன்று செய்திகளுக்கும் சேவையகம் பதில் அனுப்பாது. என்ன ஆயிற்று என்று அறிய 'கெட்லாஸ்ட்எரர்' என்னும் கட்டளையைத் தனியாக அனுப்ப வேண்டும். நிரலாளர் கேட்டுக்கொண்டால் மட்டுமே டிரைவர்கள் அதை அனுப்பின.

இதைத் தபாலோடு ஒப்பிடலாம். சாதாரணக் கடிதத்தைப் பெட்டியில் போட்டதும் நம் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. முன்பு பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை இணைத்தால் கையொப்பத்துடன் அது திரும்பி வரும். மோங்கோடிபி டிரைவர்கள் சாதாரணத் தபாலையே வழக்கமாக வைத்திருந்தன. இதனால் வேகம் கிடைத்தது. ஆனால் ஒரே அடையாள எண்ணில் இரண்டாவது ஆவணம் வந்து சேவையகம் மறுத்தாலும், நிரல் எல்லாம் நலம் என்று எண்ணி அடுத்த வேலைக்குப் போய்விடும். இணையப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கில் ஒன்று குறைந்தால் இழப்பு சிறிது. பணக் கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது.

அதே காலத்து ஆவணத் தரவுத்தளமான கௌச்டிபி எச்டிடிபி வழியே பேசியது. அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் வரும். பழைய திருத்த எண்ணோடு எழுத முயன்றால் 409 என்னும் முரண்பாட்டுக் குறியீடு கிடைக்கும்.

2012ஆம் ஆண்டு மாற்றம்

2012 நவம்பரில் டிரைவர்களில் 'மோங்கோகிளையன்ட்' என்னும் புதிய வகுப்பு அறிமுகமானது. இதன் வழியே எழுதினால் ஒப்புகை கேட்பதே வழக்கம். வேண்டாம் என்பவர்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய வகுப்பின் வழக்கத்தையே மாற்றியிருக்கலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்திருந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் முன்னறிவிப்பின்றி வேகம் குறைந்தோ பிழை காட்டியோ நின்றிருக்கும். புதிய பெயர் தந்ததால், மாறுபவர் தெரிந்தே மாறினார். பைத்தான் மொழிக்கான பைமோங்கோ தன் பழைய 'கனெக்‌ஷன்' வகுப்பைச் சில காலம் வைத்திருந்து, 2015இல் வந்த 3.0 பதிப்பில் நீக்கியது.

பிந்தைய திருத்தங்கள்

2014இல் வந்த 2.6 பதிப்பில் எழுதும் கட்டளைக்கே பதில் வரத் தொடங்கியது. அடுத்துப் பெயர்கள் சீராயின. முன்பு 'அப்டேட்' என்றால் பொருந்துவதில் ஓர் ஆவணம் மட்டும் திருத்தப்படும். 'ரிமூவ்' என்றால் பொருந்தும் அனைத்தும் அழியும். 2015இல் 'அப்டேட்ஒன்', 'அப்டேட்மெனி', 'டிலீட்ஒன்', 'டிலீட்மெனி' என்று எண்ணிக்கை பெயரிலேயே சேர்ந்தது.

ஒரு சிக்கல் எஞ்சியது. எழுதி முடிந்து, ஒப்புகை வரும் வழியில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? மீண்டும் அனுப்பினால் இருமுறை பதிவாகலாம். 2017இல் வந்த 3.6 பதிப்பு எழுத்துக்கு ஓர் எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தாலும் ஒருமுறை மட்டுமே செயல்பட வழி செய்தது. 2021இல் வந்த 5.0 பதிப்பு முதல், பெரும்பாலான அமைப்புகளில் பாதிக்கும் மேற்பட்ட சேவையகங்கள் ஏற்ற பிறகே ஒப்புகை தருவது வழக்கமானது.

மாணவர்களுக்கு

எந்த ஆவணத் தரவுத்தளத்தைக் கற்றாலும், ஒரே அடையாள எண்ணுள்ள இரண்டு ஆவணங்களை அடுத்தடுத்துச் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவதை டிரைவர் மறுத்துச் சொல்கிறதா, முதலாவதன்மேல் எழுதிவிடுகிறதா, அல்லது பேசாமல் இருந்துவிடுகிறதா? உங்கள் தரவை எந்த அளவுக்கு நம்பி ஒப்படைக்கலாம் என்பதை அந்தச் சிறு சோதனையிலிருந்தே அறியத் தொடங்கலாம்.