31 ஆண்டுகள் காத்திருந்த கணக்கு



நியூட்ரான் விண்மீனும் கருந்துளையும் அளப்பரிய ஈர்ப்பு விசை உடையவை. அருகில் துணை விண்மீன் ஒன்று இருப்பின், அதன் வாயுவைத் தம்பால் இழுத்துக்கொள்ளும். அவ்வாயு தட்டுப்போல் பரவிச் சுற்றி, உள்விளிம்பில் ஏறத்தாழ ஒரு கோடி பாகை வரை சூடேறும். அந்த வெப்பத்தில் அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிந்துவிடும். இந்நிலையே பிளாஸ்மா எனப்படும். அது உமிழும் எக்ஸ் கதிர்களே நமக்குச் செய்தி கூறுகின்றன.

இங்கு ஒரு வினா எழுகின்றது. சூரியனைச் சுற்றும் பூமி சூரியனுள் விழுவதில்லை. அங்ஙனமாயின், சுற்றிவரும் வாயு மட்டும் உள்ளே விழுவதேன்? தன் சுழற்சியைப் பிறிதொன்றுக்குக் கொடுத்தாலன்றி அது விழ இயலாது. வாயுவின் இயல்பான உராய்வோ இதற்குப் போதாது.

விடையின் வித்து வேறொரு கணக்கில் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இரு உருளைகளுக்கு இடையே சுழலும், மின்சாரத்தைக் கடத்தும் திரவத்தை அவர் 1960-இல் ஆராய்ந்தார். ஓராண்டு முன்னரே சோவியத் அறிஞர் வெலிக்கோவும் இதனை ஆராய்ந்திருந்தார். உட்பகுதி விரைந்தும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுழலுமாயின், மெல்லிய காந்தப்புலமும் அவ்வோட்டத்தின் ஒழுங்கைக் குலைத்துவிடும் என்பதே இருவரும் கண்ட முடிவு.

திரேஸ்புரத்துக் கடலில் இரண்டு வள்ளங்களை இழுபடும் கயிற்றால் பிணைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முந்திச் செல்லும் வள்ளத்தைக் கயிறு பின்னிழுக்கும். பிந்திய வள்ளத்தை முன்னிழுக்கும். பிளாஸ்மாவில் காந்தக் கோடுகளே அக்கயிறு. உள்ளே விரையும் பகுதி சுழற்சியை இழந்து மேலும் உள்ளே விழும். வெளிப்பகுதி அதனைப் பெற்று மேலும் விலகும். விலக விலகக் கயிற்றின் இழுப்பு மிகும், கொந்தளிப்பும் மிகும்.

இக்கணக்கைக் கருந்துளைத் தட்டுகளோடு பொருத்தி அதன் பெருமையை உலகறியச் செய்தவர்கள் அமெரிக்க அறிஞர்களான பால்பஸும் ஹாலியும், ஆண்டு 1991. இடையில் 31 ஆண்டுகள் கழிந்தன. 1960-இல் 'கருந்துளை' என்னும் பெயர்கூட வழக்கில் பரவவில்லை. துடிக்கும் நியூட்ரான் விண்மீன் கண்டறியப்பட்டதும் 1967-இல்தான்.

இன்று நம் நாட்டின் அஸ்ட்ரோசாட் (2015), எக்ஸ்போசாட் (2024) ஆகிய செயற்கைக்கோள்கள் அவ்வெக்ஸ் கதிர்களை ஆராய விண்ணில் ஏவப்பட்டுள்ளன. அவை தரும் செய்திக்குப் பொருள் காண உதவுவது அப்பழைய கணக்கே.

'இக்கணக்கால் யாது பயன்?' என்று வினவுவோர் என்றும் உளர். கணக்கைப் பிழையறச் செய்து, பிறர் காணுமாறு எழுதி வைப்பதே கற்பவர் கடமை. அதன் பயனைக் காலம் கூறும்.