தீவன மரங்களில் டானின்

டானின் என்பது தீவன மரங்களின் தழையிலும் நெற்றிலும் உள்ள, புரதத்தோடு பிணையும் துவர்ப்புச் சேர்மத் தொகுதி. ராசிபுரம் வட்டாரத்தில் ஆடுகள் தின்னும் கருவேல், வெள்வேலில் இது மிகுதி, அகத்தியில் குறைவு. ஒரே இனத்திலும் தழையின் முதிர்ச்சி, பருவம், மண், மரபு ஆகியவற்றால் அளவு மாறுவதால், ஒற்றைச் சராசரியை வைத்துத் தழையை மதிப்பிடுவது பிழை. டானின் உள்ள மரங்களை அடியோடு ஒதுக்கலாமே என்பதும் வலுவற்ற வாதம்: உலர்பொருளில் 2 முதல் 4 விழுக்காடு செறிவுற்ற டானின், அசையூண் வயிற்றில் புரதம் வீணாகச் சிதைவதைக் குறைக்கக்கூடும், ஏறத்தாழ 5 விழுக்காட்டைத் தாண்டினால் தீனி எடுப்பும் செரிமானமும் குன்றும். இந்த எல்லைகூடச் சேர்மத்தின் அமைப்பைப் பொறுத்தது. துவர்ப்பைச் செம்மறியைவிட வெள்ளாடு பொதுவாக நன்கு தாங்கும். சவுண்டல் என்னும் தீவன மரத்தின் முதன்மை நச்சோ டானின் அன்று. முடி உதிரச் செய்யும் மைமோசின் என்னும் அமினோ அமிலம். அதன் நஞ்சை வயிற்று நுண்ணுயிர்கள் முறிக்கும் என்பது, 1980களில் ஹவாய் ஆடுகளின் நுண்ணுயிர்கள் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றப்பட்டபோது உறுதியானது.