குலப்பெருமை நீதிமன்றம் ஏறிய கதை

நம் குலத்தின் தொன்மையை நாட்டும் கட்டுரைகள் இவ்விதழில் அடிக்கடி வெளிவருகின்றன. யானும் இரண்டொன்று வரைந்துள்ளேன். அத்தகைய பெருமையை ஒருவர் நீதிமன்றத்திற் கொண்டுபோய் நிறுத்தியபோது நேர்ந்தது யாது என்பதை இத்திங்கள் எழுதத் துணிந்தேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறியவருள் வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறத்தக்கவராயிருந்தனர். 1870-இல் ஆப்பிரிக்க மரபினரும் சேர்க்கப்பட்டனர். இந்தியர் நிலை ஐயத்துக்கிடமாயிருந்தது. 1913-இல் அங்குச் சென்ற பஞ்சாபியர் பகத் சிங் திந்த் என்பார் (தூக்கிலிடப்பட்ட வீரர் பகத்சிங் வேறு) முதற் பெரும்போரின்போது அமெரிக்கப் படையிற் பணிபுரிந்தவர். 1920-இல் ஒரிகன் நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை வழங்க, அரசாங்கம் மேல்முறையீடு செய்தது.

திந்த் தரப்பார், அவர் உயர்குலத்து இந்தியர், ஆரியர், ஆதலின் காக்கேசிய இனத்தவர், ஆதலின் வெள்ளையர் என வாதித்தனர். அம்மட்டோ! உயர்குல இந்தியர் இந்நாட்டுப் பழங்குடிகளோடு மணவுறவு கொள்ள வெறுப்பது, அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை வெறுப்பது போன்றதே என்றும் வழக்குரையில் எழுதினர். சாதி வேற்றுமையை மறுத்த சீக்கிய சமயத்தார் ஒருவருக்காக இவ்வாறு எழுதப்பட்டதை எண்ணுந்தோறும் நாணம் மிகுகின்றது.

1923 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி சதர்லண்டு. மூன்று திங்கட்கு முன் ஒசாவா என்னும் சப்பானியர் வழக்கில் வெள்ளையர் என்றாற் காக்கேசியர் என்று எழுதிய அவரே, இப்போது நூலோர் கொள்கையை ஒதுக்கி, பொதுமக்கள் யாரை வெள்ளையர் என்பரோ அவரே வெள்ளையர் என்றார். குருதிக் கலப்பைத் தடுக்க எழுந்த சாதிக்கட்டும் முற்றும் பயன்படவில்லை எனக் கூறித் தூய குருதி வாதத்தையுந் தள்ளினார்.

கலிபோர்னியப் பத்திரிகைகள் தீர்ப்பை வரவேற்றன. அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் வெப்பு இந்தியர் வாங்கியிருந்த நிலங்களைப் பறிக்க முற்பட்டார். முன்னரே குடியுரிமை பெற்றிருந்த பலரிடமிருந்தும் அது திரும்பப் பெறப்பட்டது. உழவர் சிலர் தம் நிலத்தை அமெரிக்க நண்பர் பெயரில் வைத்துக் காத்தனர். பெசாவரிலிருந்து 1915-இல் மனைவி மக்களோடு குடிபெயர்ந்து சான் பிரான்சிஸ்கோவிற் கடை நடத்திய வைஷ்ணவதாஸ் பகாய் என்பார்க்கோ அவ்வழியும் இல்லை. உரிமையும் கடையும் வீடும் இழந்தார். தாயகம் சென்றுவர அமெரிக்கக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. 1928-இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிவைத்த கடிதத்தை அந்நகரப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. தம் பிள்ளைகளை அமெரிக்கராகவே வளர்க்க விரும்பிய தந்தை, தமக்கு நாடு எது என்று அறியாமல் எழுதிய மடல் அது.

இவர்களுள் எதிர்நின்று வென்றவர் சகாராம் கணேச பண்டிதர். லாசு ஏஞ்சல்சு நகர வழக்கறிஞர். தமது வழக்கில் அவர் வென்றது குலத்தினாலன்று. 1914-இல் நீதிமன்றமே விசாரித்து வழங்கிய உரிமையை நம்பி மணஞ்செய்தேன், தொழில் நிறுவினேன், தாயகத்துச் சொத்துரிமையையும் விட்டேன். முடிந்த வழக்கை மீண்டும் கிளறுதல் முறையோ என்றார். 1926-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்பக்கம் நின்றது. 1927-இல் உச்ச நீதிமன்றம் அரசின் முறையீட்டை ஏற்க மறுத்தது. நிலுவையிலிருந்த ஏனை வழக்குகளை அரசாங்கம் கைவிட்டது. பகாய்க்கு அஃது உதவாது போயிற்று.

இந்தியர் அனைவரும் குடியுரிமை பெறத்தக்கவர் என்னுஞ் சட்டம் 1946-இல் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1936-இல், திந்த் நியூயார்க்கில் குடியுரிமை பெற்றுவிட்டார். முதற் பெரும்போரிற் பணிசெய்த படைவீரர்க்காக 1935-இல் இயற்றப்பட்ட சட்டம் அது. அச்சட்டம் இனத்தை வினவவில்லை. படைப்பணியை மட்டுமே வினவிற்று.